இருந்தாரா, இருந்தாராமா? கலைக்களஞ்சியத்தில் ஓர் இளவரசர்

2019ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில் சிங்கப்பூர் ஆற்றங்கரை வழியாகச் சென்றவர்கள் ஒரு புதுக்காட்சியைக் கண்டார்கள். அதுவரை தனியாக நின்றிருந்த ஸ்டாம்ஃபர்டு ராஃபிள்ஸின் வெள்ளைச் சிலைக்குப் பக்கத்தில் மேலும் நான்கு சிலைகள் நிறுத்தப்பட்டிருந்தன. சங் நீல உத்தமா, டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை ஆகிய நால்வர் அவர்கள். ராஃபிள்ஸ் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை ஒட்டி, இந்நகரைத் தொடங்கியவர் ஒருவர் மட்டுமல்ல என்று நினைவூட்டவே அந்த ஏற்பாடு.

அன்று பல குடும்பங்களில் இப்படி ஓர் உரையாடல் நடந்திருக்கும்.

“தாத்தா, தலையில கிரீடம் வச்சிருக்காரே, இவரு யாரு?”

“சங் நீல உத்தமாம்மா. சிங்கப்பூருக்குப் பேரு வச்ச ராஜா. நம்ம ராஜேந்திர சோழன் பரம்பரை.”

“நிஜமாவா தாத்தா? புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கா?”

பேத்தி கேட்ட இந்தக் கடைசிக் கேள்விதான் இக்கட்டுரையின் பொருள். புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது? போட்டிருப்பது சரிதானா? சரியா என்று சாதாரண வாசகர் ஒருவர் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம் இருக்கிறது. கேம்பல் லேனில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைக் கழகத்தின் ஒத்துழைப்போடு சிங்கப்பூருக்கென்றே ஒரு தனிக் கலைக்களஞ்சியம் ஆங்கிலத்தில் வெளிவந்தது. நூலக வாரியத்தின் இன்ஃபோபீடியா இணையத்தில் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய விக்கிப்பீடியாவும் உண்டு. அதன் தமிழ்ப் பதிப்பு 2003ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே பள்ளி ஒப்படைப்புக்காகத் தகவல் தேடும் மாணவருக்குத் தகவல் பஞ்சம் இல்லை. தகவலை எடைபோடும் பழக்கத்துக்குத்தான் பஞ்சம்.

*கலைக்களஞ்சியம் தவறு செய்யுமா?*

தமிழர்களுக்குக் கலைக்களஞ்சியம் புதிதல்ல. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910ஆம் ஆண்டு வெளிவந்தது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954க்கும் 1968க்கும் இடையே பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அந்தக் கனத்த தொகுதிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கலைக்களஞ்சியத்தில் அச்சானது என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

ஆனால் பெரிய பெயருக்கும் பிழை வரும். 2005ஆம் ஆண்டு ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழ் ஒரு சோதனை செய்தது. அறிவியல் தலைப்புகளில் 42 கட்டுரைகளைப் பிரிட்டானிக்காவிலிருந்தும் விக்கிப்பீடியாவிலிருந்தும் எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் வல்லுநர்களிடம் கொடுத்தது. விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குச் சராசரியாக நான்கு பிழைகளும் பிரிட்டானிக்காவில் மூன்று பிழைகளும் இருந்ததாக அவர்கள் கூறினர். பிரிட்டானிக்கா அந்த முடிவை ஏற்கவில்லை. ஆனாலும் ‘நம்பு’, ‘நம்பாதே’ என்று பெயரை வைத்து முடிவு கட்ட முடியாது, கட்டுரைக்குக் கட்டுரை பார்க்கத்தான் வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று.

அறிவியல் கட்டுரையில் பிழை இருந்தால் ஆய்வுக்கூடத்தில் சோதித்துவிடலாம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஓர் இளவரசரைப் பற்றிய கட்டுரையை எங்கே சோதிப்பது?

*இங்கிலாந்துப் பிரபுவின் கதை*

ஓர் ஒப்பீட்டுக்காக இங்கிலாந்துக்குச் சென்று வரலாம். அங்கே வில்லியம் மார்ஷல் என்று ஒரு பிரபு இருந்தார். 1219ஆம் ஆண்டு இறந்தார். சாதாரண வீரராகத் தொடங்கி, சிறுவனாக இருந்த மன்னர் மூன்றாம் ஹென்றியின் சார்பில் நாட்டையே நிர்வகிக்கும் நிலைக்கு உயர்ந்தவர். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் நீண்ட பிரெஞ்சுக் கவிதை ஒன்று அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே எழுதப்பட்டது. பிறகு பல நூற்றாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்த அந்த ஏடு, 1861இல் லண்டன் ஏலக்கூடம் ஒன்றில் பிரெஞ்சு அறிஞர் பால் மேயரின் கண்ணில் பட்டது. அன்று அதை வாங்க முடியாமற்போன அவர், இருபது ஆண்டுகள் அதைத் தேடிக் கண்டுபிடித்து, 1891 முதல் பதிப்பித்தார்.

இந்தக் கவிதையை எழுதச் செய்தது யார்? மார்ஷலின் மகன். அப்பாவின் புகழைப் பாடவே அது பிறந்தது. எனவே அதில் வரும் ஒவ்வொரு வெற்றியையும் வரலாற்றாசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. கவிதை அவருக்கு எண்பதைத் தாண்டிய வயதைக் கொடுக்கிறது. மற்றச் செய்திகளோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், இறக்கும்போது அவருக்கு எழுபதைச் சற்றுத் தாண்டிய வயதுதான் என்று கணக்கிடுகிறார்கள்.

அப்படி ஒப்பிட அவர்களுக்கு வசதி இருக்கிறது. ‘பைப் ரோல்’ எனப்படும் அரசக் கருவூலக் கணக்குச் சுருள்கள் 1130ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கின்றன. நிலக்கொடைப் பத்திரங்கள் கிடைக்கின்றன. 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா சாசனத்தில் மன்னருக்கு ஆலோசனை சொன்னவர்களின் பட்டியலில் மார்ஷலின் பெயர் வருகிறது. கவிதை ஒரு சாட்சி என்றால் கணக்குச் சுருள் இன்னொரு சாட்சி. இரண்டும் ஒத்துப்போனால் செய்தி உறுதிப்படுகிறது. மோதினால் எதை நம்புவது என்று விசாரிக்க வழி பிறக்கிறது.

இதே அளவுகோலைச் சிங்கப்பூர் இளவரசருக்கு வைத்துப் பார்க்கலாம். சங் நீல உத்தமாவைப் பற்றிய சிறு கட்டுரைகள் பலவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் செய்திகள் நான்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துச் சோதித்தால் கட்டுரையின் தரம் தானாகவே தெரிந்துவிடும்.

*முதற்செய்தி: 1299ஆம் ஆண்டில் சிங்கப்பூரை நிறுவினார்*

சங் நீல உத்தமாவின் கதை ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூலிலிருந்து வருகிறது. அந்நூல் உருவானதோடு 1612ஆம் ஆண்டும், ஜொகூர் அரசவையின் தலைமை அமைச்சர் துன் ஸ்ரீ லானாங்கின் பெயரும் இணைத்துப் பேசப்படுகின்றன. அதாவது, சொல்லப்படும் நிகழ்ச்சிக்கும் எழுதப்பட்ட காலத்துக்கும் இடையே ஏறக்குறைய முந்நூறு ஆண்டு இடைவெளி. இன்று ஒருவர் உட்கார்ந்து மதுரை நாயக்கர் காலத்தை வாய்மொழிச் செய்திகளைக் கொண்டு எழுதுவதற்கு அது சமம்.

அந்நூலில் ‘1299’ என்ற ஆண்டு எங்கும் கிடையாது. இன்னார் இத்தனை ஆண்டு ஆண்டார் என்ற கணக்குத்தான் உண்டு. முதல் மன்னர் 48 ஆண்டு ஆண்டார் என்பது போன்ற எண்களைக் கூட்டி, மலாக்கா நிறுவப்பட்ட காலத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பிற்காலத்தவர் கண்டுபிடித்த ஆண்டே 1299. கணக்குப் போட்டதில் தவறில்லை. கணக்கின் விடையைப் பிறப்புச் சான்றிதழ் போல எழுதுவதுதான் தவறு. ‘பின்னோக்கிய கணக்கின்படி 1299’ என்று கூடுதலாக இரண்டு சொல் சேர்த்திருந்தால் அக்கட்டுரை நல்ல கட்டுரை.

பெயரிலும் சிக்கல் உண்டு. செஜாரா மெலாயுவுக்குப் பல கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. பிரதிக்குப் பிரதி பெயரும் உறவுமுறையும் மாறுகின்றன. ஒன்றில் ‘ஸ்ரீ திரி புவனா’ என்ற பட்டம் பெற்றவரே சிங்கப்பூருக்கு வந்து நகரை அமைக்கிறார். மற்றொன்றில் அவர் தந்தையாகவும் சங் நீல உத்தமா மகனாகவும் பிரிந்துவிடுகிறார்கள். எந்தப் பிரதியைப் பார்த்து எழுதுகிறோம் என்று சொல்லாத கட்டுரை, எந்தக் கடைச் சரக்கு என்று சொல்லாமல் விலை சொல்வதைப் போன்றது.

*இரண்டாம் செய்தி: சிங்கத்தைக் கண்டு பெயர் வைத்தார்*

புயலில் சிக்கிய கப்பலைக் காப்பாற்ற இளவரசர் தம் கிரீடத்தையே கடலில் எறிந்தார். கரையேறியதும் ஒரு விசித்திர விலங்கைக் கண்டார். அது சிங்கம் என்று சொல்லக் கேட்டுச் ‘சிங்கபுரம்’ என்று பெயரிட்டார். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த கதை இது.

நூல் அந்த விலங்கை எப்படி வருணிக்கிறது? சிவந்த உடல், கறுத்த தலை, வெளுத்த மார்பு, ஆட்டுக்கிடாயைவிடச் சற்றுப் பெரியது. இது சிங்கத்தின் அங்க அடையாளம் அல்ல. தென்கிழக்காசியக் காடுகளில் சிங்கம் வாழ்ந்ததும் இல்லை.

அப்படியானால் பெயர் எங்கிருந்து வந்தது? சிங்கபுரம் என்ற பெயர் இத்தீவுக்கு மட்டும் உரியதல்ல. இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியில் இருந்த சம்பா நாட்டின் தலைநகர் ஒன்றுக்குச் சிம்மபுரம் என்று பெயர். கலிங்கத்திலும் ஒரு சிம்மபுரம் இருந்தது. புத்தரைச் சாக்கிய சிங்கம் என்றே அழைப்பார்கள். சிங்கம் அரசுக்கும் அறத்துக்கும் சின்னமாக இருந்த காலத்தில் ஒரு துறைமுகத்துக்கு அப்பெயர் சூட்டப்பட்டதில் வியப்பில்லை. பெயர் முதலில் வந்து, விலங்கு பிறகு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இதைக் குறிப்பிடாத கலைக்களஞ்சியக் கட்டுரையில் பாதி விஷயம் விடுபட்டுப்போகிறது.

*மூன்றாம் செய்தி: ராஜேந்திர சோழனின் வழித்தோன்றல்*

தமிழ் வாசகர்களின் நெஞ்சு நிமிரும் இடம் இது. அதனாலேயே மிகுந்த கவனம் தேவைப்படும் இடமும் இதுவே.

செஜாரா மெலாயுவில் தென்னிந்திய மன்னர் ஒருவர் வருகிறார். சுரன் என்றும் சூலன் என்றும் பிரதிக்கேற்பப் பெயர் மாறும். நாகப்பட்டினத்தின் பெயரும் அதில் வருகிறது. அம்மன்னர் பெரும்படையோடு சீனாவை வெல்லப் புறப்பட்டுத் தெமாசெக் வரை வருகிறார். அதை அறிந்த சீனப் பேரரசர் ஒரு தந்திரம் செய்கிறார். துருப்பிடித்த ஊசிகளையும், பழமரங்களையும், பல்போன கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறார். “நாங்கள் புறப்பட்டபோது இளைஞர்கள், இந்த ஊசிகள் கைத்தடிமன் இரும்புக் கம்பிகள், இந்த மரங்கள் வெறும் விதைகள்” என்று கிழவர்கள் சொல்ல, சீனா அவ்வளவு தூரமா என்று மன்னர் திரும்பிவிடுகிறார். பிறகு கண்ணாடிப் பெட்டியில் கடலுக்கடியில் இறங்கி, அங்கே ஓர் இளவரசியை மணக்கிறார். அந்த வழியில் வந்தவரே பலெம்பாங்கின் சிகுந்தாங் மலையில் தோன்றிய இளவரசர்.

இக்கதையின் அடியில் உண்மையான வரலாறு ஒன்று இருக்கிறது. 1025ஆம் ஆண்டில் முதலாம் ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயப் பேரரசைத் தாக்கியது. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் அப்படை வென்ற ஊர்களின் பட்டியல் இருக்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாப்பப்பாளம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று அது நீள்கிறது. அந்தப் படையெடுப்பின் மங்கிய நினைவே மலாய் நூலில் சூலன் கதையாக எஞ்சியது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கல்வெட்டுப் பட்டியலில் தெமாசெக் இல்லை. வென்ற ஊர்களை ஒன்றுவிடாமல் பெருமையோடு பொறித்த மன்னரின் கல்வெட்டிலேயே இல்லாத ஒன்றை, ‘ராஜேந்திரன் சிங்கப்பூரை வென்றான்’ என்று எழுதுவது எப்படி? போகும் வழியில் கப்பல்கள் நின்றிருக்கலாம் என்பது ஊகம். ஊகத்துக்கும் இடமுண்டு, ‘ஊகம்’ என்ற பெயர்ப்பலகையோடு.

சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு பெரும்பாறை இருந்தது. அதில் சுமார் 50 வரிகள் எழுதப்பட்டிருந்தன. 1843ஆம் ஆண்டு, ஆற்றுமுகத்தில் கட்டடப் பணிக்காக அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டு ஒன்று இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. தமிழ் மரபும் அரபு மரபும் கலந்த குடும்பத்தில் பிறந்த முன்ஷி அப்துல்லா, தகர்க்கப்படுவதற்கு முன் அக்கல்லைப் பார்த்து எழுதியிருக்கிறார். இந்துக்கள் அதை இந்து எழுத்து என்றார்களாம். சீனர்கள் சீன எழுத்து என்றார்களாம். ஆனால் யாராலும் படிக்க முடியவில்லை. பார்த்தவர் ஒவ்வொருவரும் தத்தம் முகத்தையே அதில் கண்டார்கள்.

2019ஆம் ஆண்டு இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர், அந்தத் துண்டில் ‘கேசரிவ’ என்ற எழுத்துகள் தெரிவதாகவும், அது ‘பரகேசரிவர்மன்’ என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றும் ஒரு கருத்தை முன்வைத்தார். ராஜேந்திரனின் பட்டம் பரகேசரிதான். மகிழ்ச்சி தரும் செய்தி, ஐயமில்லை. இருப்பினும் சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டவர்கள். ‘கேசரிவ’ என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் இரண்டு பட்டத்துக்கும் அவை பொருந்தும். கல்லின் பெரும்பகுதியோ சுக்குநூறாகிவிட்டது. எனவே நல்ல கலைக்களஞ்சியக் கட்டுரை, ‘இவ்வாறு ஒரு வாசிப்பு முன்வைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதும். ‘சிங்கப்பூர்க் கல் சோழர் கல்வெட்டு’ என்று எழுதாது.

தமிழரின் பெருமைக்கு இதனால் குறைவு வருமா? வராது. சுமத்ராவின் பாருஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகர் குழு வைத்த கல் அது. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் கட்டிய புத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாகக் கொடுத்த செப்பேடு இருக்கிறது. இவை யாரும் அசைக்க முடியாத சான்றுகள். கையில் தங்கம் இருக்கும்போது கவரிங் நகைக்கு ஏன் ஆசைப்பட வேண்டும்?

இன்னொரு கோணமும் உண்டு. ஒரு மலாய் அரசவை தன் அரச பரம்பரைக்கு மூதாதையரைத் தேடியபோது, ஒருபக்கம் மாவீரன் அலெக்சாண்டரையும் மறுபக்கம் தென்னிந்திய மன்னரையும் சேர்த்துக்கொண்டது. மலாக்காவின் தலைமை அமைச்சராக இருந்த துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழிவந்தவர். செஜாரா மெலாயுவில் முதலியார் பட்டம் கொண்ட தென்னிந்திய மன்னரின் பெயர்கூட வருகிறது. அந்த அவையில் தமிழரின் மதிப்பு எவ்வளவு இருந்தது என்பதற்கு இக்கதையே சான்று. சங் நீல உத்தமாவின் இரத்தத்தில் சோழர் இருந்தார்களா என்பதற்குச் சான்று இல்லை. அவர் கதையை எழுதியவர்களின் மனத்தில் தென்னிந்தியர் இருந்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது.

*நான்காம் செய்தி: ஐந்து மன்னர்கள் ஆண்டார்கள்*

செஜாரா மெலாயுவின்படி சிங்கப்பூரை ஐந்து மன்னர்கள் ஆண்டனர். கடைசி மன்னரான இஸ்கந்தர் ஷா, ஜாவாவின் மஜாபாஹித் படையிடம் நகரை இழந்து, வடக்கே சென்று மலாக்காவை நிறுவினார்.

மலாக்கா 1511ஆம் ஆண்டு போர்ச்சுகீசியர் கைக்குப் போன பிறகு அங்கே பணியாற்றிய தோமே பிரெஸ் என்பவர் வேறு கதை சொல்கிறார். அவர் 1512க்கும் 1515க்கும் இடையே எழுதிய குறிப்புகளின்படி, பலெம்பாங்கிலிருந்து ஓடிவந்த பரமேஸ்வரா சிங்கப்பூரின் தலைவரைக் கொன்றுவிட்டுச் சில ஆண்டுகள் அங்கே இருந்தார். பிறகு விரட்டப்பட்டு மலாக்காவுக்குப் போனார். இதில் ஐந்து தலைமுறைப் பெருமை இல்லை. ஒரு கொலைதான் இருக்கிறது.

யாரை நம்புவது? மலாய் நூல் அரச குடும்பத்துக்காக எழுதப்பட்டது. மார்ஷலின் மகன் எழுதச் செய்த கவிதையைப் போல. தோமே பிரெஸோ அந்த அரச குடும்பத்தைத் துரத்திவிட்டு மலாக்காவைப் பிடித்தவர்களின் ஆள். தோற்றவரின் முன்னோரை உயர்த்தி எழுத அவருக்கு என்ன அவசியம்? இருவருக்கும் காரணம் இருக்கிறது. ஆகவே ஒன்றை மட்டும் சொல்லி மற்றொன்றை மறைக்கும் கட்டுரை, ஒருபக்க வழக்கறிஞரின் வாதமே தவிர, கலைக்களஞ்சியம் அல்ல.

*மண்ணுக்கடியில் இருந்த சாட்சி*

இப்படியெல்லாம் தட்டிப் பார்த்தால் பழைய சிங்கப்பூரே பொய் என்றாகிவிடுமோ என்ற அச்சம் எழலாம். அங்கேதான் மூன்றாம் சாட்சி வருகிறது.

சீன வணிகர் வாங் தாயுவான் 1349ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய நூலில், இத்தீவுப் பகுதி மக்களைப் பற்றியும், சயாமியர் எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களில் வந்து தாக்கியபோது நகரம் ஒரு மாதம் தாக்குப்பிடித்ததைப் பற்றியும் குறிப்பிட்டிருக்கிறார். அதே நூலில் நாகப்பட்டினத்தில் இருந்த சீனக் கோபுரத்தைப் பற்றியும் அவர் எழுதியிருப்பது தமிழருக்குச் சுவையான செய்தி. 1365ஆம் ஆண்டு ஜாவாவில் இயற்றப்பட்ட நகரகிர்த்தாகமம் என்ற காவியமும் துமாசிக் என்ற பெயரைச் சொல்கிறது.

1928ஆம் ஆண்டு ஃபோர்ட் கெனிங் குன்றில் நீர்த்தேக்கம் கட்ட மண்ணைத் தோண்டிய தொழிலாளர்களுக்குத் தங்க நகைகள் கிடைத்தன. ஜாவா பாணியில் காலன் முகம் பொறித்த கைவளை அவற்றுள் ஒன்று. 1984ஆம் ஆண்டு தொல்பொருள் ஆய்வாளர் ஜான் மிக்சிக் அதே குன்றில் அகழாய்வைத் தொடங்கினார். பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்கள் மண்ணுக்குள் இருந்து வெளிவந்தன. பிறகு நாடாளுமன்ற வளாகம், எம்பிரஸ் பிளேஸ் என ஆற்றங்கரையெங்கும் அகழாய்வுகள் நடந்தன.

ஆக, பதினான்காம் நூற்றாண்டில் இங்கே ஓர் ஊர் இருந்தது, வணிகம் நடந்தது, குன்றின்மேல் செல்வாக்குள்ளவர்கள் வாழ்ந்தார்கள். இதை மண் சொல்கிறது. ஆனால் ‘சங் நீல உத்தமா’ என்ற பெயரை மண் சொல்லவில்லை. ஊர் உறுதி, மன்னரின் பெயர் கேள்வி. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்த கட்டுரையே தரமான கட்டுரை.

*நாராயண பிள்ளைக்கும் இதே சோதனை*

பக்கத்துச் சிலைக்காரரையும் விட்டுவிடக் கூடாது. நாராயண பிள்ளையைப் பற்றி ‘சிங்கப்பூருக்கு வந்த முதல் இந்தியர்’ என்று எழுதப்படுவதுண்டு. அவர் 1819ஆம் ஆண்டு மே மாதம் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து ‘இந்தியானா’ கப்பலில் வந்தார். செங்கல் சூளை வைத்தார். துணிக்கடை நடத்தினார். சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோவில் 1827ஆம் ஆண்டு உருவாக முன்னின்றார். இவ்வளவும் சரி. ஆனால் அவருக்கு முன்பே, அதே ஆண்டு ஜனவரியில் ராஃபிள்ஸ் கரையிறங்கியபோது இந்தியச் சிப்பாய்கள் உடன் வந்துவிட்டார்கள். அவர்களின் பெயர்களைக் கலைக்களஞ்சியம் சொல்வதில்லை. ‘பெயர் பதிவான முதல் இந்தியர்களில் ஒருவர்’ என்று எழுதினால் பிள்ளையவர்களின் புகழ் குறையாது. பெயர் தெரியாத அந்தச் சிப்பாய்களுக்கும் நியாயம் கிடைக்கும்.

*பாட்டியின் இலக்கணம்*

தரத்தைச் சோதிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. எந்தக் கட்டுரையைப் படித்தாலும் நான்கு கேள்விகள் போதும். இந்தச் செய்தி முதன்முதலில் எப்போது எழுதப்பட்டது? யாருக்காக எழுதப்பட்டது? வேறு சாட்சி ஏதேனும் ஒத்துப்போகிறதா? உறுதியையும் ஊகத்தையும் கட்டுரை பிரித்துக் காட்டுகிறதா?

கடைசிக் கேள்விக்குத் தமிழிலேயே ஒரு கருவி இருக்கிறது. கதை சொல்லும் பாட்டி “ஒரு ராஜா இருந்தார்” என்று தொடங்குவதில்லை. “ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்” என்றுதான் தொடங்குவார். அந்த ‘ஆம்’ என்ற ஓரசை, ‘நான் கண்டதில்லை, கேட்டதைச் சொல்கிறேன்’ என்று பொருள் தருகிறது. உரையாசிரியர்கள் ‘என்ப’, ‘என்பர்’ என்று எழுதியதும் இந்த நேர்மையால்தான். கேட்டதையும் கண்டதையும் வேறுபடுத்த நம் மொழி ஒரு விகுதியையே வைத்திருக்கிறது. ஆனால் கலைக்களஞ்சியம் எழுத உட்காரும்போது அந்த ‘ஆம்’ முதலில் உதிர்ந்துவிடுகிறது. “நிறுவினாராம்” என்பது “நிறுவினார்” ஆகிவிடுகிறது. அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுகிறார். மூன்றாமவர் ஆண்டையும் சேர்க்கிறார். இன்றோ, கேட்ட நொடியில் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இதையெல்லாம் படித்துவிட்டு உறுதிக்குரலில் ஒப்பிக்கக்கூடும். ஒருமுறை உதிர்ந்த ‘ஆம்’ திரும்பி வருவது கடினம்.

அதன் விலையைக் கொடுப்பவர்கள் பிள்ளைகள். வகுப்பில் “ராஜேந்திர சோழன் சிங்கப்பூரை வென்றான்” என்று ஒப்படைப்பில் எழுதும் தமிழ் மாணவியிடம், “சான்று எங்கே?” என்று ஒரு சீன மாணவரோ மலாய் மாணவரோ கேட்டால் அவள் வாயடைத்து நிற்பாள். அதன்பிறகு அவள் பாருஸ் கல்வெட்டைச் சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது. ஒரு பொய்ப் பெருமை, பத்து உண்மைப் பெருமைகளைக் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். மாறாக, “எங்கள் கல்வெட்டில் தெமாசெக் இல்லை, ஆனால் உங்கள் மலாய் நூலில் எங்கள் மன்னர் இருக்கிறார், ஏன் தெரியுமா?” என்று அவள் கேட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

ஆகவே ஆற்றங்கரையில் பேத்தி கேட்ட கேள்விக்குத் தாத்தா இப்படிப் பதில் சொல்லியிருக்கலாம்:

“முன்னொரு காலத்துல இங்க ஓர் ஊரு இருந்துச்சும்மா, அது நிஜம். அரும்பொருளகத்துல அதோட நகையைக் காட்டறேன், வா. அந்த ஊருக்கு சங் நீல உத்தமான்னு ஒரு ராஜா இருந்தாராம். சோழ ராஜா வழியில வந்தவராம். அது கதை. இந்தக் கதையை யாரு எழுதுனாங்க, ஏன் எழுதுனாங்கன்னு நீ பெரியவளாகிக் கண்டுபிடி.”